பதிமூன்றாவது படம்

...இல்லை, இது சிரிப்பு இல்லை, சிரிப்பென்றால் அவளுக்குத் தெரியாதா, இருபத்திரண்டு வருடமாக ஊரார் சிரிப்பை வரவழைத்துத்தானே பிழைக்கிறாள், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத மாப்பிள்ளையின் சிரிப்பு, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியோடு ஒரே வரிசையில் நிற்க நேர்ந்தவரின் சிரிப்பு, பல்செட் கழன்றுவிடுமோ என்று உதட்டை மட்டும் இழுத்துக்காட்டும் சிரிப்பு, எல்லாம் அவளுக்கு அத்துப்படி, ஆனால் லேப்டாப்பில் இப்போது விரிந்திருக்கும் இந்த முகம் அதில் எதிலும் சேரவில்லை... வாய் லேசாகத் திறந்திருக்கிறது, புருவம் இரண்டும் ஏறியிருக்கிறது, கழுத்து முன்னால் நீண்டிருக்கிறது, கண்ணில் ஒரு வெளிச்சம், அது ஜன்னல் வெளிச்சமும் இல்லை, ஜன்னல் இந்தப் பக்கம், கண் அந்தப் பக்கம். எழுபத்தெட்டு வயது முகத்தில் இப்படி ஒன்று எங்கிருந்து வந்தது? அவள் வரவழைக்கவில்லை, அதுதான் அவளைக் குடைந்தது. தானாக வந்த முகத்தை அவள் நம்புவதில்லை, எந்த முகத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் அந்தக் காரணம் அவளாகத்தான் இருக்கும். மணி நாலு பத்து. மேசையில் டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. ஆறு மணிக்குள் முதியோர் இல்லத்தின் விளம்பரப் புத்தகத்துக்கு அட்டைப்படம் எதுவென்று தம்பிக்குச் சொல்ல வேண்டும், அவளுடைய கூடப்பிறந்த தம்பி, இவள் எடுக்கிற படங்களை அடுக்கி, எழுத்துப் போட்டு, அச்சுக்கு அனுப்புகிறவன், நேற்றிலிருந்து அக்கா அக்கா என்று உயிரை எடுத்துக்கொண்டிருக்கிறான். படம் எது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பதினெட்டில் பதிமூன்றாவது. இதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் தங்கள் அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். ஆனால் ஏன் அப்படிப் பார்க்கிறார், எதைப் பார்க்கிறார்?

அந்த இல்லத்துக்கு நேற்று அவள் போனது மூன்றாவது தடவை. முதியோர் இல்லம் என்றால் மேனேஜருக்குப் பிடிக்காது, "இல்லம்னு மட்டும் போடுங்க மேடம், முதியோரைப் படத்துல காட்டிக்கலாம்" என்பார், நல்ல மனுஷன்தான், எள் என்றால் எண்ணெயாக நிற்பவர், வந்ததும் காபி, முடித்ததும் காபி. பத்தொன்பது அறை. ஒரே பூச்சாடியும் ஒரு தட்டு ஆரஞ்சும் அறை அறையாக ஊர்வலம் போகும், போன வருடம் ஒன்பது படத்திலும் அதே ஆரஞ்சு அதே காம்பைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தம்பிதான் கண்டுபிடித்தான், "உன் ஆரஞ்சுக்கு மட்டும் வயசே ஆகாதாக்கா?" செஸ் பலகை வைத்து இரண்டு பெரியவர்களை உட்கார வைத்தாளே, இரண்டு பேருக்கும் ஆடத் தெரியாது, ஒருவர் இரண்டு ராஜாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, "தனியா இருந்தா பாவம்" என்றார். வரவேற்பறைப் பெண் நேற்று மட்டும் மூன்று பேருக்கு மகளாக வந்து போனாள், மூன்றாவது அம்மா நிஜமாகவே அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை... பொய்யா இதெல்லாம்? பொய் இல்லை, பூச்சு. சுவருக்குப் பூசுகிறோம், முகத்துக்குப் பூசுகிறோம், இல்லத்துக்கு மட்டும் பூசக் கூடாதா என்ன. இப்படித்தான் அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வாள், கேட்க ஆளில்லாதபோது எல்லாச் சமாதானமும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது, கலைத்ததைப் பழையபடி வைப்பதில். அவள் புருஷன் இதற்கு வியாதி என்று பெயர் வைத்திருக்கிறான், உப்பு டப்பாவை ஒரு விரற்கடை தள்ளி வைத்தால்கூட வீட்டில் விசாரணைக் கமிஷன் என்பான். சிரிக்கட்டும். முதல் முதலில் எடுத்த இல்லத்தில் ஒரு தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைப் படத்துக்கு இடைஞ்சல் என்று எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள், அவர் இரண்டு நாள் அதைத் தேடியிருக்கிறார், தேடும்போது விழுந்து முழங்கை பெயர்ந்து... அன்றைக்குப் பிடித்தது இந்த வியாதி. ஓர் அறைக்குள் நுழைந்ததும் எதையும் தொடுவதற்கு முன்னால் ஃபோனில் ஒரு படம், அதற்கு முன்படம் என்று பெயர். பிறகுதான் கைத்தடி, மருந்து டப்பா, தண்ணீர் ஜாடி, மடித்துப் போட்ட துண்டு எல்லாவற்றையும் ஓரம் கட்டுவாள். வேலை முடிந்ததும் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்து இன்னொரு படம், பின்படம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஆறு வித்தியாசம் இல்லை, ஒரு வித்தியாசம்கூடக் கண்டுபிடிக்க முடியாது. ஒருத்தி வந்து போன சுவடே இருக்கக் கூடாது, அந்த மனிதர்கள் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினால் பொருள் கையில் வர வேண்டும். இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும், வேறு எதில் இருக்கிறது.

மேனேஜர் எழுதிக் கொடுத்த பட்டியலில் கடைசி வரி, பாதுகாப்பு. கட்டில் பக்கம் தொங்குகிற அழைப்புக் கயிற்றில் ஒரு கை, அவ்வளவுதான், அதற்குக் கீழே 'ஓர் இழுப்பு போதும், ஓடி வருவோம்' என்று வாசகம் வரும், வாசகம் மேனேஜரே யோசித்தது, ராத்திரி மூன்று மணிக்கு வந்ததாம். எந்த அறை என்று கேட்டதற்கு, "எல்லா ரூம்லயும் கயிறு இருக்கு மேடம், உங்களுக்கு எது தோதோ அது" என்று சொல்லிவிட்டு ஃபோன் வந்து போய்விட்டார். அவளுக்குத் தோது பதினாலாவது அறை, அங்கேதான் ஜன்னல் பெரிது, வெளிச்சம் பாலாக விழும். அதில் இருப்பவரைத் தையலம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள், நாற்பது வருடம் பள்ளிக்கூடச் சீருடையாகத் தைத்துத் தள்ளியவர், இப்போது இரண்டு தோளும் இறுகிப்போய்க் கை மார்புக்கு மேலே ஏறாது, கால் இரண்டு எட்டுக்கு மேல் போகாது, கண் மட்டும் இன்னும் அளவெடுக்கிறது. இவள் ஸ்டாண்டை விரிக்கும்போதே, "உனக்குத் தோள் பதினாலரை, பதினஞ்சுல தச்சிருக்கான் படுபாவி, பாரு எப்படித் தொங்குது" என்றார். தொங்கித்தான் இருந்தது. இவள் சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு சிரித்தாள். படம் எடுத்துக்கொள்வதில் அந்த அம்மாவுக்கு என்ன ஆசை, எடுத்து முடித்த பிறகும் இன்னொரு தடவை எடு, இன்னொரு தடவை எடு என்று... வயதானால் குழந்தைதான் என்பது சரியாகத்தான் இருக்கிறது.

சரி, வரிசையாகப் பார்ப்போம், முகம் எங்கிருந்து முளைத்தது என்று. பதினெட்டுப் படம், கேமராவை ஸ்டாண்டில் வைத்து, தானாக எடுத்துக்கொண்டே போகும்படி விட்டுவிட்டு அவள் ஜன்னல் திரையைச் சரி செய்துகொண்டிருந்தாள், அதனால்தான் எதையும் பார்க்கவில்லை. முதல் மூன்றில் கை கயிற்றில், முகம் கல். "சும்மா பிடிச்சுக்கங்கம்மா, இழுக்க வேண்டாம்" என்று சொல்லியிருந்தாள். நாலாவதில் கை கொஞ்சம் இறங்கியிருக்கிறது... ஐந்தாவதில் கயிறு விறைத்து நிற்கிறது, இழுத்துவிட்டார்! இழுக்காதே என்றால் இழுக்கத்தானே தோன்றும், இவளே அதைத்தான் செய்திருப்பாள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை முகம் கதவுப் பக்கம், ஒவ்வொன்றிலும் கழுத்து இன்னும் கொஞ்சம் நீள்கிறது. பதிமூன்றில் அந்த முகம். பதினாலில் பராமரிப்புப் பெண்ணின் தோள் படத்துக்குள் வந்துவிட்டது. ஆக, அந்தப் பெண் கதவில் தெரிந்த கணம்தான் பதிமூன்று. படங்களில் பதிந்திருந்த நேரத்தைப் பார்த்தாள், இழுத்ததிலிருந்து ஐம்பத்தைந்து வினாடி. ஐம்பத்தைந்து வினாடி காத்திருந்து கிடைத்த முகம்... ஆனால் இதில் ஒரு கணக்கு உதைக்கிறதே, அந்தப் பெண் காலையில் வருகிறாள், மதியம் வருகிறாள், குளிப்பாட்டுகிறாள், மாத்திரை கொடுக்கிறாள், தினமும் பார்க்கிற ஆளைக் கண்டு யாராவது இப்படி வாய் பிளப்பார்களா? பாசமா? சொந்தமா? அந்தப் பெண் உள்ளே வந்ததும் என்ன சொன்னாள்... "இந்த ரூம் லைட்டா எரிஞ்சுது?" என்று கதவுக்கு மேலே, கயிற்றை இழுத்தால் எரிகிற சின்ன விளக்கை அண்ணாந்து பார்த்தாள், பார்த்துவிட்டு இவளைப் பார்த்தாள், பிறகு, "சரிம்மா, என்ன வேணும்?" என்றாள், தையலம்மா, "ஒண்ணும் வேண்டாம், வந்தியே" என்றார். வேலைக்கு நடுவில் கேட்டது, கேலிப் பேச்சு என்று நினைத்தாள். இந்த ரூம் லைட்டா... அதில் என்ன ஆச்சரியம் அந்தப் பெண்ணுக்கு?

ஃபோன் அடித்தது, தம்பி. "அக்கா, பதிமூணுதானே? சூப்பரா இருக்கு. ஆனா அவங்க தலைக்கு மேல சுவத்துல ஒரு ஆணி, அதைச் சுத்திக் கறுப்பா வளையம் மாதிரி ஒரு கறை, அது என்னது? அழிச்சிடவா?" படத்தைப் பெரிதாக்கினாள். ஆமாம், ஆணி, அதைச் சுற்றி வளையம், கை பட்டுப் பட்டு அழுக்கேறியது போல இல்லை, ஏதோ சுற்றி இருந்து தூசி படிந்த தடம், காலண்டராக இருக்கும், "காலண்டர் மாட்டியிருப்பாங்கடா." "காலண்டர்னா சதுரமா இருக்கும்லக்கா." கெட்டிக்காரன்தான், ஆரஞ்சைக் கண்டுபிடித்தவன் அல்லவா. "இரு, முன்படத்துல பாத்துச் சொல்றேன்" என்று வைத்தாள், பெரிய அக்கறை ஒன்றும் இல்லை, என்னவென்று தெரிந்துகொள்ளும் அரிப்பு, அவ்வளவுதான், ஃபோனில் பதினாலாவது அறையைத் தேடித் தள்ளிக்கொண்டே போனாள், பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, ஒவ்வோர் அறையிலும் கட்டில் பக்கம் கயிறு தொங்குகிறது, கை எட்டும் உயரத்தில், பதினாலு... அந்த ஆணியில் கயிறு. மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு முடிச்சு. நின்றால்கூட இவளுக்கே எட்டாத உயரம், அதனால்தானே ஸ்டூல் கேட்டு வாங்கினாள், இதோ ஞாபகம் வருகிறது, ஸ்டூலில் ஏறி அவிழ்த்தாள், முடிச்சு கல்லாக இறுகிக் கிடந்தது, நகம் உடைந்தது, தூசி மூக்கில் ஏறி இரண்டு தும்மல், "ஆயுசு நூறு" என்றார் கீழே இருந்து தையலம்மா. அவிழ்ந்த கயிறு கீழே விழுந்து ஆடியது. அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தூசி படிய எத்தனை மாதம் ஆகும்? வளையம் விழ எத்தனை மாதம் ஆகும்? முடிச்சைத் தொட்ட விரல் அவளுடையது, நகம் அவளுடையது, ஆனால் அப்போது அவளுக்கு அது கயிறு இல்லை, படத்துக்குள் வர வேண்டிய ஒரு பொருள், பூச்சாடி மாதிரி, ஆரஞ்சு மாதிரி.

அடுத்த படத்துக்கு விரல் போகவில்லை. பின்படத்தில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே தெரியும்... பார்த்தாள். கைத்தடி இடத்தில் கைத்தடி. மருந்து டப்பா இடத்தில் மருந்து டப்பா. ஆணியில் கயிறு, மூன்று சுற்று, ஒரு முடிச்சு. அவளே கட்டியது. ஃபோனைப் பார்த்துப் பார்த்து, ஸ்டூலில் நின்று, சுற்று குறையக் கூடாது என்று எண்ணிக் கட்டினாள். "முடிச்சு நல்லா விழுது உனக்கு" என்றார் தையலம்மா. தையல்காரி வாயால் பாராட்டு என்று வழியெல்லாம் அதை நினைத்துப் பூரித்துக்கொண்டு வந்தாளே, புருஷனிடம்கூடச் சொன்னாளே... ஒரு வித்தியாசம்கூட இல்லாமல் வைத்துவிட்டு வந்தாள். சீ, என்ன பிறவி நான். அந்த முகத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது, பெரிய மர்மம் ஒன்றும் இல்லை, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கயிறு கைக்கு எட்டியது, இழுத்தார், ஒரு ஆள் வந்தாள். வந்தியே என்றார். அவ்வளவுதான்.

அவசரப்படாதே, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், தரை துடைக்கிறவர்கள் சுற்றி வைத்திருக்கலாம், துடைத்துவிட்டு மறந்திருக்கலாம், அந்த அம்மாவே கேட்டுக் கட்டச் சொல்லியிருக்கலாம், வேறு மணி இருக்கலாம் தலையணைக்கடியில்... ஃபோனில் கேட்டால் தெரிந்துவிடும். மேனேஜருக்குப் போட்டாள். "சொல்லுங்க மேடம், படம் ரெடியா? எல்லாரும் ஆவலாக் காத்திட்டிருக்கோம்." "சார், பதினாலாம் நம்பர்ல கயிறு மேல கட்டியிருக்கே, அது..." "அய்யய்யோ, அவுத்துட்டு வந்துட்டீங்களா?" குரலில் நிஜமான பதற்றம். "இல்ல சார்... பழையபடி கட்டிட்டேன்." "அப்பாடா!" என்றார். அந்த அப்பாடா அவள் காதுக்குள்ளேயே நின்றுகொண்டது. மேனேஜர் பேசிக்கொண்டே போனார், பேச்சில் ஒளிவு மறைவு இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "அவங்க சும்மா சும்மா இழுப்பாங்க மேடம், ஒரு நாளைக்கு நாப்பது தடவை. ஓடிப்போய்ப் பாத்தா ஒண்ணும் இருக்காது, உன் தோள் என்ன அளவுன்னு ஆரம்பிப்பாங்க. இருக்கிறது ரெண்டு பொண்ணுங்க, பத்தொன்பது ரூம். ஒருநாள் இவங்ககிட்ட நின்ன நேரத்துல ஆறாம் நம்பர்ல ஒருத்தர் கீழ விழுந்துட்டார். என்ன பண்றது, சொல்லுங்க. நாங்கதான் மணிக்கு ஒருதரம் எட்டிப் பாக்கறோமே." ஆறாம் நம்பர்காரருக்கு என்ன பதில் வைத்திருக்கிறாள் அவள்? "அந்தம்மா ஒருநாள் நிஜமாவே விழுந்துட்டா என்ன சார் ஆகும்?" என்று மட்டும் கேட்டாள். "ரெண்டு ஆள் கூடப் போடணும்னு மேலிடத்துக்கு எழுதியிருக்கேன் மேடம்," என்றார், பிறகு குரலை ஏற்றிக்கொண்டு, "நீங்கங்கறதால சரியாப் போச்சு. வேற யாராவது வந்தா எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுட்டுப் போயிடுவாங்க."

ஃபோனை வைத்தாள். தம்பியிடமிருந்து படம் வந்து விழுந்தது, கறையும் இல்லை, ஆணியும் இல்லை, சுவர் வெண்ணெய் போல இருக்கிறது, தையலம்மாவின் முகத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் 'ஓர் இழுப்பு போதும், ஓடி வருவோம்.' நல்ல அட்டை. அவள் வாழ்நாளில் எடுத்ததிலேயே நல்ல படம், அதைச் சொல்ல என்ன வெட்கம். இதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடினாள், கயிறு நிஜம், கை நிஜம், ஓடி வந்த பெண் நிஜம், முகம் நூற்றுக்கு நூறு நிஜம், ஆனால்... அந்த அம்மா ஏன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை? கட்டாதே, அப்படியே விட்டுவிடு என்று சொன்னால் இவள் விட்டிருப்பாளா? விட்டிருப்பாளா? முன்படத்தைக் காட்டி, இல்லம்மா, இருந்தது இருந்தபடி இருக்கணும் என்று சொல்லியிருப்பாள், அதுதான் அவள் வாயில் வந்திருக்கும், ஐயமே இல்லை. பிறகுதான் உறைத்தது, கேட்டாரே. கேட்கத்தான் கேட்டார். இவள் ஸ்டூலில் ஏறியபோது, "இன்னொரு தடவை எடுத்துப் பாரேன், சரியா விழலேன்னா?" என்றார். "போதும்மா, ஒரே தடவையில அருமையா விழுந்துடுச்சு" என்று இவள் முடிச்சை இறுக்கினாள். "என்ன அவசரம், இன்னொண்ணு எடேன்" என்றார் மறுபடியும். வயதானால் குழந்தைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மணி ஐந்து இருபது, அங்கே ஜன்னலில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு வெளிச்சம் இருக்கும். தம்பியைக் கூப்பிட்டு, "அச்சுக்கு அனுப்பாதே, நாளைக்குக் காலையில சொல்றேன், அந்த ஆணியைத் திரும்பக் கொண்டாந்து வை" என்றாள், "என்னக்கா சொல்ற, அழிக்கவே அரை மணி நேரம்" என்று அவன் ஆரம்பிப்பதற்குள் வைத்துவிட்டாள். கேமராப் பையைத் தோளில் போட்டாள், சட்டை ஒரு பக்கம் தொங்கியது, பதினஞ்சில் தைத்த படுபாவி. செருப்பை மாட்டிக்கொண்டே மேனேஜருக்குப் போட்டாள். "சார், அந்தப் பதினாலாம் ரூம் படம் சரியா விழல. மறுபடி எடுக்கணும். இதோ கிளம்பிட்டேன்." "அய்யோ, அதுதான் நல்லா இருந்துதுன்னு நேத்து சொன்னீங்களே மேடம்!" "இல்ல சார், வீட்டுல வந்து பெருசாப் பாத்தேன், விழல." "சரி வாங்க, ஸ்டூல் எடுத்து வைக்கச் சொல்றேன்" என்றார் பாவம், எள் என்றால் எண்ணெய். தெருவில் இறங்கி வேகமாக நடந்தாள். இன்றைக்கு ஒரு தடவை அவிழ்க்கலாம், ஒரு தடவை இழுக்கலாம், யாராவது ஒருத்தி ஐம்பத்தைந்து வினாடியில் வந்து நிற்பாள், வந்தியே என்பார் அந்த அம்மா, எல்லாம் சரி, ஆனால் அவள் கிளம்பிய பிறகு அதே ஸ்டூலில் யாராவது ஏறாமலா இருப்பார்கள்... நாளைக்கும் படம் விழவில்லை என்று சொல்லலாம். நாளை மறுநாளும் சொல்லலாம். அதற்கப்புறம் எத்தனை நாளைக்கு ஒருத்தியின் படம் சரியாக விழாமல் போக முடியும்?